அப்பாவின் காலும் நான் செய்த அட்டையும்

என் ஆசை அம்மாவுக்கு,

அப்பாவைப் பற்றி ஊருக்குள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மகள் அவசரப்பட்டுக் காலை எடுக்க வைத்துவிட்டாள் என்கிறார்கள். மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். உனக்கு மட்டும் நடந்ததை நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஆமாம் அம்மா, அப்பாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பதறாதே. அவர் இருக்கிறார். இதை எழுதும்போது வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, தெருவில் போகும் டவுன் பஸ்ஸின் கியர் சத்தத்தைக் கேட்டு முகம் சுளிக்கிறார். அரசு பஸ் ஓட்டியே தலை நரைத்தவர், அது மட்டும் மாறுமா?

நீ போன துக்கம் ஆறுவதற்குள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நாச்சியாபுரத்து வீட்டில் பல் விளக்கப் போனவர் அப்படியே சரிந்தார். கால் மெல்லத் தேறியது, கம்பை ஊன்றி நடந்தார். வலது கை தேறவில்லை. பேச்சு போனது போனதுதான். ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. “சோறு போடவாப்பா?” என்றால் “சரி” என்பார். “இப்ப வேணாமா?” என்றாலும் “சரி” என்பார். கோபம் வந்தாலும் அதே சொல், அழுதாலும் அதே சொல்.

வீட்டைப் பூட்டிவிட்டு அவரைக் காரைக்குடிக்கு, எங்கள் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தேன். உன் மருமகன் முகம் கோணவில்லை. ஆனால் மகன் இருக்கும்போது மகள் வீட்டில் கிடக்கிறார் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சு திருப்பூர் வரைக்கும் போய் அண்ணனைச் சுட்டது.

என் அட்டை வேலை நிற்கவில்லை. விரித்தால் கேக் எழுந்து நிற்கும், காகிதப் பட்டையை இழுத்தால் மெழுகுவத்தி மேலே வரும், அந்த வாழ்த்து அட்டைகள்தான். நீ அதற்கு வைத்த பெயர் ‘எந்திரிக்கிற அட்டை’. வெங்காயம் உரித்த கையோடு வந்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பாய். “ஏண்டி, இம்புட்டு நோஞ்சானா இருக்கே, வாங்குறவுக வீட்டுப் பிள்ளைக கையில தாங்குமா?” என்பாய். நீ கிழித்துப் போட்ட பிறகுதான் நான் தடித்த அட்டைக்கு மாறினேன். இப்போது அறுபதாம் கல்யாணத்துக்கெல்லாம் கேட்டு வாங்குகிறார்கள்.

அப்பாவின் காலில் செருப்பு வார் உரசி ஒரு புண் வந்தது. சர்க்கரை உடம்பு, வலி தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எப்படிச் சொல்லியிருப்பார்? “கால் நல்லா இருக்காப்பா?” என்று கேட்டேன். “சரி” என்றார். காய்ச்சல் வந்து, விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் என்னைவிட வயதில் சிறிய பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார். “விரலோட நிக்காதும்மா. நச்சு மேல ஏறிக்கிட்டிருக்கு. முழங்காலுக்குக் கீழ எடுத்தா பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. விட்டா ரொம்ப நாள் தாங்காது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லுங்க.”

அண்ணன் அன்று காலையில்தான் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். “காலத் தொடக்கூடாது” என்று கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றார். “எங்க அம்மாவும் நடந்துதான் உள்ள போனாக. எப்படி வெளிய வந்தாகன்னு எங்களுக்குத் தெரியும்.”

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பித்தப்பைக் கல்தானே, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லித்தான் உன்னை ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பினோம். உன் இதயம் தாங்கவில்லை. யார் மேலும் குற்றமில்லை. ஆனால் நீ கழற்றி வைத்துவிட்டுப் போன செருப்பைப் பையில் போட்டு எடுத்து வந்தவர் அண்ணன். அவர் மேல் நான் எப்படிக் கோபப்படுவேன்?

அவர் அதற்குள் ஒரு நாட்டு வைத்தியரிடம் பேசி முடித்திருந்தார். மூலிகைக் கட்டுப் போட்டால் ஆறிவிடும் என்று அந்த ஆள் சொன்னாராம். சாயங்காலம் வேன் வரும், அப்பாவைக் கூட்டிப் போய்விடுவேன் என்றார்.

டாக்டர் அப்பா பக்கம் குனிந்தார். “அய்யா, கால எடுக்கச் சம்மதமா?”

“சரி.”

எனக்கு மூச்சு வந்தது. அண்ணன் விடவில்லை. “அப்பா, எடுக்க வேணாம்ல? நம்ம போயிருவோமா?”

“சரி.”

டாக்டர் பேனாவை மூடினார். என்னைத் தனியே அழைத்து, “இத நான் சம்மதம்னு எடுத்துக்க முடியாது” என்றார். “நெனவு நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம பேசுறது முழுசா அவருக்குப் போய்ச் சேரல. படமாக் காட்டுனா பிடிச்சுக்கிறாரு. கால் அவரோடது. அவரு மனசு எனக்குத் தெரியணும்.”

“படம் அசைஞ்சா புரியுமா டாக்டர்?” என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்பது கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

“செஞ்சு கொண்டாங்க. நான் சாயங்காலம் ரவுண்ட்ஸ் வருவேன்.”

வீட்டுக்கு ஓடினேன். மேஜையில் கொத்தமங்கலத்துக் கல்யாண ஆர்டர் பாதியில் கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் புது அட்டையை மடித்தேன். விரித்தால் நடுவில் ஒரு மனிதன் எழுந்து நிற்க வேண்டும். காக்கிச் சட்டை, தடித்த மீசை. தன்னைத்தான் காட்டுகிறார்கள் என்று அப்பாவுக்குச் சந்தேகம் வரக்கூடாது. வலது பக்கத்துப் பட்டையை இழுத்தால் கால் முழங்காலுக்குக் கீழே கழன்று போகும், கக்கத்தில் ஊன்றுகோல் வரும்.

இடது பக்கம், காலை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது. பட்டையை இழுத்தால் காலிலிருந்து கறுப்பு மேலே ஏற வேண்டும். இன்னும் இழுத்தால் அந்த மனிதன் மடங்கிக் கட்டிலில் படுக்க வேண்டும். அதுவரைக்கும் நான் வெட்டிய அட்டைகளில் எல்லாரும் எழுந்துதான் நிற்பார்கள். முதன்முறையாக ஒருவரைப் படுக்க வைக்கக் காகிதம் வெட்டினேன். அது என் அப்பா. கழுத்தில் மாலை ஒன்று வரையலாமா என்று கை ஒரு கணம் நின்றது. வரையவில்லை. கண்கள் மூடியிருப்பதுபோல் மட்டும் வரைந்தேன்.

இரண்டு தடவை கிழிந்து, மூன்றாவது தடவைதான் ஒழுங்காக வந்தது. பசை காயக் காத்திருக்க நேரமில்லை. அட்டையை மடியில் விரித்து ஊதிக்கொண்டே ஆட்டோவில் போனேன்.

வேன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அண்ணன் மாடிப்படியில் என்னை மறித்து அட்டையை வாங்கினார். இடது பக்கத்தை இழுத்தார். காக்கிச் சட்டைக்காரர் படுத்ததும் அவர் முகம் மாறியது.

“உசிரோட இருக்கவர, சாகுற மாதிரி செஞ்சு கொண்டாந்து அவருகிட்டயே காட்டப்போறியா? நீயெல்லாம் ஒரு மகளா?”

“அண்ணே, ரெண்டு பக்கமும் இருக்குல்ல. எந்தப் பக்கம்னு அப்பா சொல்லட்டும். நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம்.”

வலது பக்கத்தை இழுத்துப் பார்த்தார். ஊன்றுகோலோடு மனிதன் நின்றான். “இது மட்டும்தானா? உள்ள போனவுக எல்லாரும் இப்படி நின்னுக்கிட்டா வெளிய வாராக?” அட்டையை என் கையில் திணித்தார். “அம்மாவுக்கு ஆனது மாதிரி ஆனா? அதை எங்க போட்ட? காட்டு பாப்போம்.”

அம்மா, அவர் சொன்னது நியாயம். நான் இரண்டு பக்கம் செய்திருந்தேன், ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும்தான் சாவை வைத்திருந்தேன். எனக்குத் தெரியாமலேயே என் கை அப்பாவை வலது பக்கம் தள்ளியிருந்தது.

அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். பையில் கட்டரும் மிச்சக் காகிதமும் இருந்தன. “அண்ணே, இதைப் பிடிங்க” என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையைப் பிடித்துக்கொண்டார். வலது பக்கத்தில் ஆபரேஷன் அறைக் கதவு போல இரண்டு சின்னக் கதவுகள் வெட்டினேன். ஒன்றைத் திறந்தால் ஊன்றுகோலோடு நிற்கும் மனிதன். மற்றதைத் திறந்தால் கட்டிலில் படுத்திருக்கும் மனிதன். எங்களைத் தாண்டிப் போனவர்கள், ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அண்ணனும் தங்கையும் காகிதம் வெட்டுவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “இதுவும் உண்மைதான். இருக்கட்டும். ஆனா அது அபூர்வமா நடக்கிறது, அதையும் நான் அவருக்குப் புரிய வைக்கணும்” என்றார். அப்பாவைச் சாய்த்து உட்கார வைத்து, அட்டையை அவர் மடியில் விரித்தார். காக்கிச் சட்டையை அப்பா இடது கை விரலால் தடவினார். மீசையைத் தொட்டார். என்னைப் பார்த்தார். கண்டுகொண்டார் அம்மா, அது தான்தான் என்று.

டாக்டர் அவர் காலையும் அட்டையில் உள்ள காலையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். அப்பா இடது பட்டையை இழுத்தார். கறுப்பு ஏறியது. மனிதன் படுத்தான். திரும்ப உள்ளே தள்ளி, மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு வலது பட்டை. கால் கழன்றது. அவர் கை போர்வைக்கு மேலே தன் முழங்காலுக்குப் போனது. ஒரு கதவைத் திறந்தார், ஊன்றுகோல். அடுத்த கதவையும் திறந்தார். டாக்டர் ஒரு விரலை மட்டும் நீட்டி அந்தக் கதவைக் காட்டி, பத்து விரலையும் விரித்து ஊன்றுகோலைக் காட்டினார். அப்பா படுத்திருந்த மனிதனையே நெடுநேரம் பார்த்தார்.

அப்புறம் இரண்டு கதவுகளையும் சாத்தினார். பட்டையை உள்ளே தள்ளினார். இரண்டு காலோடு காக்கிச் சட்டைக்காரர் நின்றார்.

“பாத்தியா” என்றார் அண்ணன் மெதுவாக. ஜெயித்த குரல் இல்லை அது. வேன்காரரின் ஹாரன் கீழே கேட்டது.

அப்பா கையை எடுக்கவில்லை. வலது பட்டையைத் திரும்பவும் பிடித்து, அது நிற்கிற இடத்தையும் தாண்டி இழுத்தார். காகிதக் கால் தனியே பிய்ந்து அவர் விரலில் வந்தது. அதை அண்ணனிடம் நீட்டினார்.

“சரி” என்றார்.

அண்ணன் அதை வாங்கிக்கொண்டார். ஒரு தடவை போதாது என்றார் டாக்டர். கால் துண்டை நான் திரும்ப ஒட்டினேன். மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து, டாக்டர் அட்டையை மறுபடியும் மடியில் வைத்தார். இந்தத் தடவை அப்பா இடது பக்கத்தைத் தொடவே இல்லை. நேராக வலதை இழுத்தார். இழுத்துவிட்டு, விசில் கொடுத்த பிறகும் பஸ் படியில் நின்று கதை பேசும் ஆட்களைப் பார்ப்பதுபோல எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

அண்ணன் கீழே போய் வேனை அனுப்பிவிட்டு வந்தார்.

மறுநாள் ஆபரேஷன் முடியும்வரை அவர் உட்காரவே இல்லை. அறைக் கதவு திறந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் போய்க் கேட்டேன். “நல்லா இருக்காக, மயக்கம் தெளியணும்” என்றார் நர்ஸம்மா. அதை அண்ணனிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு தரையில் உட்கார்ந்து, நீ போன அன்றுகூட அழாத அழுகையை அழுதார்.

இப்போது புண் ஆறிவிட்டது. செயற்கைக் காலுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள். எல்லா நாளும் நல்ல நாள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் காபி டம்ளரை விட்டெறிந்தார். இல்லாத பாதத்தைச் சொறியக் கையை நீட்டிவிட்டு, வெறும் இடத்தைத் தொட்டு விழிக்கிறார். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கட்டிலில் படுத்திருந்த அந்தக் காகித மனிதனை அவ்வளவு நேரம் பார்த்தாரே, உன்னிடம் வந்துவிடலாம் என்று நினைத்தாரா? நீ அவரைக் கூப்பிட்டாயா? இல்லை, அங்குட்டே இருந்துட்டு வாங்க என்று சொன்னாயா?

இன்னொரு செய்தியும் இருக்கிறது. அண்ணன் திருப்பூரில் படியேறத் தேவையில்லாத வீடு பார்த்துவிட்டார். புதுக் கால் வந்ததும் அப்பாவைக் கூட்டிப் போகப் போகிறாராம். “மகன் நான் இருக்கையில மக வீட்டுல எதுக்கு இருக்கணும்?” என்று போனில் கேட்டார். “அப்பாவக் கேப்போம்ணே” என்றேன். பிறகு அவரே சொன்னார், “சரி, அட்டையச் செய். ஞாயித்துக்கிழமை வாரேன்.”

செய்துகொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் திருப்பூர் வீடு, வாசலில் அண்ணன், அண்ணி, பேரப்பிள்ளைகள். இன்னொரு பக்கம் இந்த வீடு. இன்று மத்தியானம் திருப்பூர்ப் பக்கத்துப் பட்டைக்குத் துளை வெட்டும்போது கை நின்றுவிட்டது. ஒரு நூலளவு குறுக்கி வெட்டினால் போதும், பட்டை இறுகிவிடும். ஒற்றைக் கையால் இழுக்கிறவர், இறுகினால் மற்றப் பக்கம் போய்விடுவார். யாருக்கும் தெரியாது. அண்ணனுக்குக்கூடத் தெரியாது. அப்பா இல்லாத இந்த வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை அம்மா.

கட்டரை வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் போய் வெட்டுவேன். இரண்டு துளையும் ஒரே அளவு, இரண்டு பட்டையும் ஒரே இழுப்பு. அவர் திருப்பூரை இழுத்தால் அவர் வேட்டி சட்டையை நானே மடித்துப் பெட்டியில் வைப்பேன், மாத்திரைகளை அண்ணிக்குச் சொல்லிக் கொடுப்பேன். அழுகை வந்தால் வண்டி தெரு திரும்பிய பிறகு அழுவேன். அவரைக் கேட்காமல் அவருக்காக எதையும் முடிவு செய்ய மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும்
உன் மகள்,
கலா