பக்கக் கண்ணாடி

ஜூன் 4

அன்புள்ள மச்சானுக்கு,

இடுப்பு எலும்பு கூடிவருகிறதா? ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குள் வித்தை காட்டாதே. போனில் வண்டிப் பேச்சு வந்தால் இருவரும் கத்துகிறோம், எழுதித் தொலையுங்கள் என்பது உன் அக்கா போட்ட சட்டம். ஆகவே எழுதுகிறேன்.

நீ வாங்கி வைத்துக்கொண்டு மெச்சுகிற அந்த வேன் வீட்டைப் பற்றி என் கருத்து மாறவில்லை. எஞ்சின் படுத்தால் வீடும் சேர்ந்து படுத்துவிடும். பால் வாங்கப் போவதானாலும் கட்டிலையும் கழிவறையையும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். காருக்குப் பின்னால் நான் இழுத்துப் போகிற டிரெய்லர் வீடு அப்படியா? கொக்கியைக் கழற்றினால் வீடு ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். பாரத்தை முன்பக்கம் ஏற்றி நிதானமாக இழுத்தால் அது பின்னால் இப்படியும் அப்படியும் வாலாட்டவே ஆட்டாது. ஆட்டினால் ஓட்டுகிறவனைத்தான் உதைக்க வேண்டும்.

சரி, எழுத வந்ததைச் சொல்கிறேன். புற்றுநோய் முதுகெலும்புக்கும் வந்துவிட்டது. உன் அக்காவால் இனி உட்கார முடியாது. ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்கிறாள். "அதுல போய் இறங்கினா தம்பி பயந்துடுவான்." டிரெய்லரில் கட்டில் இருக்கிறது. ஆனால் ஓடும்போது அதற்குள் ஆள் இருக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். உன் வேனைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அன்புடன்,
அத்தான்

ஜூன் 9

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் முதல் பாதிக்குச் சிரித்தேன், மறுபாதிக்கு அழுதேன்.

வேனை ஒரு டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் பஸ்ஸில் திரும்பிவிடுவார். அக்காவை நீங்களே ஓட்டிக்கொண்டு வாருங்கள். வேறு யார் ஓட்டினாலும் அவள் ஏறமாட்டாள். கட்டிலில் பெல்ட் இருக்கிறது, தளர்வாகப் போடுங்கள். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். வண்டியைப் பற்றிய உங்கள் நக்கலை எல்லாம் அவளைப் பார்த்த பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மச்சான்

ஜூலை 2

அத்தானுக்கு,

மதியம் வர வேண்டிய வண்டி நன்றாக இருட்டிய பிறகு வந்தது. அதுவரை அந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்டேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். காரியமெல்லாம் முடியும்வரை அதற்குப் பதில் சொல்லவில்லை. வேனை வாசலில் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டீர்கள்.

அந்த வண்டியின் ஓட்டம் எனக்குத் தெரியும். பின்னால் டிரெய்லர் வருகிற நினைப்பில் உருட்டினீர்களா? நேரத்துக்கு வந்திருந்தால் என் அக்காவை நான் உயிரோடு பார்த்திருப்பேன். இதற்கு ஒரு பதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் இனி எதுவுமே எழுத வேண்டாம்.

மச்சான்

ஜூலை 10

அன்புள்ள மச்சானுக்கு,

உன் வேன் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தாமதம் உன் அக்காவால்.

ஊரைத் தாண்டியதுமே, "கொஞ்சம் மெதுவா போங்க" என்றாள். வலிக்கிறது என்று நினைத்தேன். "இல்ல, அந்த வாத்துங்களைப் பார்த்துக்கறேன்" என்றாள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் இருக்கிறதே, அதன் வழியாக. பிறகு ஒரு ஏரி. பிறகு பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள். ஒன்றுமில்லாத ஒரு செங்கல் சூளையைக்கூட நிறுத்திப் பார்த்தாள்.

"இந்த ரோட்டுல எவ்வளவு தடவை வந்திருக்கோம், இதையெல்லாம் நான் பார்த்ததே இல்ல" என்றாள்.

"அப்ப கண்ணை மூடிக்கிட்டா வந்தே?"

"நீங்கதானே சொன்னீங்க, பின்னால டிரெய்லர் ஆடுதான்னு பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கிட்டு வான்னு."

சொன்னேன். அவளைவிட நன்றாகக் கண்ணாடி பார்க்க ஆளில்லை என்று எல்லோரிடமும் பெருமை பேசியிருக்கிறேன். பிறகு அவள் நிறுத்தச் சொன்ன இடத்திலெல்லாம் நிறுத்தினேன். தம்பி காத்திருப்பான் என்றும் சொன்னேன். "அவன் எங்க ஓடிடப் போறான், இடுப்புதான் உடைஞ்சிருக்கே" என்று சிரித்தாள்.

பெரிய பாலம் தாண்டிய பிறகு பின்னாலிருந்து பேச்சு வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன். விழித்துக்கொள்ளக் கூடாதே என்று ஒவ்வொரு பள்ளத்திலும் மெல்ல இறக்கி மெல்ல ஏற்றினேன். உன் வாசலில் வந்து கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

காத்துக்கொண்டிருந்தவனிடம், அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள் என்று எப்படிச் சொல்வது? உனக்குச் சேர வேண்டிய நேரத்தை எடுத்துத்தான் அவளுக்குக் கொடுத்தேன். மறுபடியும் அவள் கேட்டாலும் நிறுத்துவேன். நீ என்னை மன்னிக்க வேண்டியதில்லை.

அத்தான்

ஜூலை 19

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று ஊன்றுகோலோடு வேன் படியில் ஏறிவிட்டேன், திட்டாதீர்கள். ஜன்னல் திரை அவள் ஒதுக்கிவிட்டபடியே இருந்தது. அவள் கட்டிலில் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். நீங்கள் நிறுத்திவிட்டுப் போன இடத்தில் ஜன்னல் வழியாக என் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்தான் தெரிகிறது.

நீங்கள் வர வேண்டும். அதே ரோட்டில் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஓடுகிற வண்டியில் என்னாலும் இன்னும் அதிக நேரம் உட்கார முடியாது, நான் பின்னால் படுத்துக்கொள்கிறேன். நீங்கள் ஓட்டுங்கள்.

மெதுவாகவே ஓட்டுங்கள்.

மச்சான்