சத்தம் குறைக்கிற வேலை

ஞாயிறு, மாசி 15

மகள் கவிதா கொழும்பிலிருந்து லீவில் வந்திருக்கிறாள். இராணுவத்துக்கு நாட்டுக்குள்ளேயே ட்ரோன் செய்யும் ஒரு கம்பனியில் வேலை கிடைத்திருப்பதை மத்தியானம் சாப்பிடும்போதுதான் சொன்னாள். வெளிநாட்டில் வாங்குவதை விட மலிவாம். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை.

பிறகு கேட்டாள்: "அப்பா, சண்டை நேரம் நாங்கள் இருந்த உடையார்கட்டில மேல வண்டு சுத்தினது எண்டு சொல்லுவியள். அது எவ்வளவு தூரத்தில வரேக்க சத்தம் கேக்கும்?"

வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் வண்டு. அது சுற்றிவிட்டுப் போனால் பின்னால் ஷெல் வரும்.

"ஏன் பிள்ளை?"

"எங்கட ட்ரோன் சரியான சத்தம். அதைக் குறைக்கிறதுதான் என்ர வேலை."

குழம்புச் சட்டியோடு வந்த மனைவி அப்படியே நின்றாள். வண்டுச் சத்தம் கேட்டதும் புகை தெரியாமல் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி நூர்த்தவள் அவள்.

"சத்தம் கேக்காட்டி அடுப்பை எப்ப நூர்க்கிறது?" என்றாள்.

கவிதா சிரித்தாள். "இப்ப காஸ் அடுப்புத்தானே அம்மா."

மனைவி சட்டியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

கவிதா மறுபடியும் கேட்டாள். எனக்கு ஞாபகமில்லை என்றேன்.

ஞாபகம் இருக்கிறது. அது குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் வரும்போதே கேட்கும். அடுப்பை நூர்த்துவிட்டு, தூங்கிக்கொண்டிருக்கும் இவளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்க அந்த நேரம் போதுமாக இருந்தது.