வலது மடிப்பு மேலே

மே 14, செவ்வாய்

இன்று முதலில் கண்ணில் பட்டது கொனாட்சுவின் உடையில் மார்பு மடிப்பு. திருவிழாக் காட்சி, முழுப்பக்கப் படம். பருத்தி அங்கியான யுகாதா உடுத்திக்கொண்டு, வலப்பக்கம் திரும்பி, அந்த ஆவிப் பையனைப் பார்த்துச் சிரிக்கிறாள் எங்கள் படக்கதையின் கதாநாயகி. வலது மடிப்பு மேலே இருக்கிறது. பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள்; உயிரோடு இருப்பவர்களுக்கு இடது மடிப்புதான் மேலே.

எப்படி நடந்தது என்று தெரியும். நான் உதவிக்கு இருக்கும் ஓவியர் மினெகிஷி சென்செய்க்கு இடப்பக்கம் பார்க்கும் முகம் மட்டும்தான் வரைய வரும். பதினெட்டு வருடமாகப் படக்கதை வரைகிறவர்! வலப்பக்க முகம் வேண்டுமென்றால் இடப்பக்கமாக வரைந்து, தாளைக் கவிழ்த்து, விளக்குப் பெட்டியின் மேல் வைத்து மறுபக்கத்தில் நகல் எடுப்பார். இந்த முறை முகத்தோடு உடையும் திரும்பிவிட்டது.

யுகாதாவின் மேல் பூப்போட்ட ஒட்டுத்தாளை வெட்டி ஒட்டுவது என் வேலை. ஒட்டினேன். சொல்லவில்லை.

மே 16, வியாழன்

பத்திரிகையிலிருந்து ஒனோதெரா வந்து பக்கங்களை வாங்கிப்போனார். வெள்ளை மையும் பேனாவும் இருந்தால் மடிப்பைத் திருத்துவது பத்து நிமிட வேலை. அவர் செருப்பை மாட்டும்வரை நேரம் இருந்தது.

என்னோடு உதவிக்கு இருக்கும் கிஜிமா அக்கா, "என்னடி நெமோட்டோ, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள். தலையை ஆட்டினேன்.

பயமா? எப்போதும் போல் வாய் வரவில்லையா? இல்லை. இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அந்தப் பக்கம் நாறட்டும் என்று நினைத்தேன்.

முப்பது வருடத்துக்கு முன் செத்தவனாம் அந்த ஆவிப் பையன், பெயர் தொகிவாவாம். பள்ளி இசை அறையில் குடியிருக்கிறானாம். செத்தும் முடி கலையவில்லை. வகுப்பில் யாரோடும் ஒட்டாத கொனாட்சுவுக்காக மட்டும் பியானோ வாசிக்கிறான். தூ.

நானும் மேல்நிலைப் பள்ளி முதல் வருடத்தில் வகுப்பில் உட்கார முடியாமல் ஆறு வாரம் இசை அறையில்தான் மதியச் சோறு தின்றேன். யாரும் வரவில்லை. உயிருள்ளவனும் இல்லை, செத்தவனும் இல்லை. ஒரே ஒரு நாள் பெருக்குகிறவர் வந்து காலைத் தூக்கச் சொன்னார். இரண்டாம் பருவத்தில் பள்ளியை விட்டேன். இப்போது மாதாமாதம் அதே அறையின் ஜன்னலை வரைகிறேன். ஜன்னல் எனக்கு நன்றாக வருகிறதாம்.

ஜூலை 3, புதன்

இதழ் கடைக்கு வந்துவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. மடையர்கள்.

ஜூலை 11, வியாழன்

மடையர்கள் இல்லை. அதைவிட மோசம்.

ஒனோதெரா ஒரு பெட்டி நிறைய வாசகர் அட்டையும் கேக்கும் கொண்டுவந்தார். எல்லா அட்டையிலும் ஒரே கேள்வி: கொனாட்சுவும் செத்தவள்தானே? வாசகர் ஓட்டு வரிசையில் பதினான்காம் இடத்திலிருந்த கதை இப்போது மூன்றாம் இடம். இலையுதிர் காலத்தோடு நிறுத்துவதாக இருந்ததை ஒரு வருடம் நீட்டிவிட்டார்கள்.

"ஆரம்பத்துலேர்ந்தே முடிவு பண்ணி வச்சிருந்தீங்களா சென்செய்? எங்கிட்டகூட மூச்சு விடலையே," என்றார்.

சென்செய் இதழை வாங்கித் தன் படத்தையே வெகுநேரம் பார்த்தார். கழுத்து சிவந்தது. பிறகு, "கண்டுபிடிச்சிடுவாங்கன்னு தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கேக்கை வாயில் வைத்துக்கொண்டார்.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன். கடைசி அத்தியாயத்தில் கொனாட்சுவும் தொகிவாவும் கைகோத்து நிலவொளியில் கரைந்து போவார்களாம். நன்றாகக் கரையட்டும்.

ஜூலை 15, திங்கள்

கடிதங்களைப் பிரித்து அடுக்குவதும் என் வேலைதான். தகாசாகியிலிருந்து ஒன்று. உருண்டை உருண்டையான எழுத்து, ஓரமெல்லாம் முயல் ஸ்டிக்கர். ஷிஹோ, பதினான்கு வயது. ஏப்ரலிலிருந்து பள்ளிக்குப் போகவில்லையாம். போன நாட்களில் இசை அறையில் இருப்பாளாம்.

வழக்கமான அசட்டுத்தனம் என்று நினைத்துக் குவியலில் போடப் போனேன். கடைசி வரி:

"கொனாட்சுவும் செத்தவள் என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. அந்தப் பக்கம் போனால்தான் யாராவது காத்திருப்பார்கள் போல. நானும் போகலாம் என்று இருக்கிறேன்."

நான் ஒட்டிய பூ. என் வாய் மூடியிருந்ததால் வந்தது. என்ன செய்வது? என்ன செய்வது?

ஜூலை 16, செவ்வாய்

கடிதத்தைச் சென்செயின் மேசையில் வைத்தேன். மடிப்பு தப்பு என்று மே மாதமே பார்த்ததைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தார். இந்த மாதிரி நிறைய வரும் என்றார். கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்றை எடுத்து, இதை அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிடு என்றார். அட்டையில் தொகிவாவின் தலை. இடப்பக்கம் பார்க்கிறது.

அடுத்த இதழில் அவள் உயிரோடு இருப்பதாகக் காட்டலாமே என்றேன்.

"மூணாவது இடம்டி. தப்புன்னு வெளிய தெரிஞ்சா எனக்கும் வேலையில்ல, உனக்கும் வேலையில்ல. பள்ளிக்கூடத்தையும் விட்டாச்சு, எங்க போவ நீ?"

கிஜிமா அக்கா தலை நிமிரவே இல்லை. அழிரப்பர் தூளை ஊதிக்கொண்டிருந்தாள். இவர்களா காதல் கதை எழுதுகிறார்கள்!

ஜூலை 21, ஞாயிறு

தகாசாகி. சாதாரண ரயிலில் இரண்டு மணி நேரம். உறையில் இருந்த முகவரி.

கதவைத் திறந்த ஷிஹோவின் அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினேன். வாசித்துவிட்டு மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நீ ஸ்கூல்லேர்ந்து வந்திருக்கியாம்மா?" என்றாள்.

"இல்லங்க. நானே ஸ்கூலுக்குப் போறதில்ல."

மாடிக்கு அனுப்பினாள். ஷிஹோ போர்வைக்குள் இருந்தாள். யார் என்று சொன்னேன். போர்வையோடு பேசுவது எனக்கு வசதியாகவே இருந்தது. விளக்குப் பெட்டி, கவிழ்த்த தாள், ஒட்டிய பூ, எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொய்," என்றது போர்வை.

"சென்செய்க்கு வலப்பக்கம் வரைய வராது. அவ்வளவுதான். கொனாட்சு சாகல. அந்தப் பக்கம் யாரும் காத்துக்கிட்டு இல்ல. நான் ஆறு வாரம் உக்காந்து பாத்தேன்."

போர்வை இன்னும் சுருண்டது. அழுகிறாளோ என்று பயந்தேன். பிறகு ஒரு கை வெளியே வந்து அலமாரியிலிருந்து எங்கள் கதையின் முதல் தொகுதியை இழுத்தது.

"தொகிவா சட்டைப் பை இந்தப் பக்கத்துல வலப்புறம் இருக்கு," என்றாள் கொஞ்ச நேரத்தில்.

"அதுவும் கவிழ்த்ததுதான்."

"இவ்வளவு கேவலமாவா செய்வீங்க?"

ஆமாம் என்றேன். போர்வையை விலக்கி உட்கார்ந்தாள். தலையெல்லாம் சிக்கு. மூன்று தொகுதியையும் புரட்டினோம். இடம் மாறிய பை பதினேழு. முத்தக் காட்சியில் இருவருக்கும் ஒரே முகம், கவிழ்த்துப் போட்டது. அதைப் பார்த்து அவள் மூக்கால் சிரித்தாள். கீழே அம்மா படியேறி வந்து பாதியிலேயே நின்றது கேட்டது.

இதை அவள் யாரிடமாவது சொன்னால் என் வேலை போகும். சொல்லாதே என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது நான்காவது தொகுதி தன்னிடம் இல்லை என்றாள்.

ஸ்டேஷனில் ஒற்றைச் சீட்டு எடுக்கவில்லை. தகாசாகிக்கு வந்து போக, பதினொரு சீட்டு சேர்ந்த கட்டாக வாங்கினேன்.