டொக்டரிடம் கேட்ட அனுமதி

ஜூன் 11, செவ்வாய்.

வேலைக்கு இருப்பவர்களுக்கு முதலாளி கட்ட வேண்டிய ஈ.பி.எஃப். சேமிப்புப் பணத்தை யாருக்குக் கட்டவில்லை என்று பார்க்க, லேபர் ஒபிஸிலிருந்து ஒரு அம்மா இன்று எங்கள் பல் கிளினிக்குக்கு வந்தார். டொக்டர் காலையிலேயே எனக்குச் சொல்லித் தந்திருந்தார்.

"நீங்க இங்க வேலைக்கு இல்ல. கொன்ட்ராக்ட்ல வந்து உதவுறீங்க. வர்றதும் போறதும் உங்க இஷ்டம். அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். குறடுகளைக் கழுவிக்கொண்டே, அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவர் அதை எழுதி, என்னிடம் கையெழுத்தும் வாங்கினார். பிறகு, "வெளியில வாங்க தங்கச்சி, கொஞ்சம் கதைப்பம்" என்றார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு டொக்டர் பக்கம் திரும்பி, "போய்ட்டு வரட்டுங்களா டொக்டர்?" என்று கேட்டுவிட்டேன். தேத்தண்ணி குடிக்கப் போனாலும் கேட்டுவிட்டுப் போய்ப் பழகிய வாய்.

அந்த அம்மா சிரித்தார். "இனி வெளியில வரத் தேவையில்ல, எனக்கு விளங்கிட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு டொக்டர் கருவிகளைக்கூட என்னிடம் கேட்காமல் தானே எடுத்துக்கொண்டார். நான் புறப்படும்போது, "சாவிய மேசையில வச்சிட்டுப் போங்க" என்றார். தினமும் தெல்தெனியவிலிருந்து முதல் பஸ்ஸில் போய்க் கதவைத் திறப்பது நான்தான்.

நாளைக்கு வரச் சொல்லவும் இல்லை, வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. வருவதும் போவதும் என் இஷ்டம் என்று நானே சொல்லிக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். நாளை அந்தக் கதவு எனக்குத் திறக்காவிட்டால், அவர் என்னை நிறுத்திவிட்டார் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?