இரண்டு கைத்துண்டு நீளம்

மார்ச் 3, திங்கள்

இன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஹோட்டலில் நாலாம் மாடி அறைகளின் குளியல் தொட்டிகளை எல்லாம் பெயர்த்து எடுக்கிறார்களாம். மேனேஜர் சலவையறைக்கே வந்து சொன்னார்: "தொட்டியில ஊறுறதெல்லாம் பழைய ஆடம்பரம்மா. இப்ப பெரிய ஆளுங்க கேக்கிறது ஒண்ணுமே இல்லாத ரூம்." டிவி கிடையாது, கடிகாரம் கிடையாது, சுவரில் படம் கிடையாது. செல்போனை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். வாடகை மட்டும் இரட்டிப்பு!

தொட்டி வேண்டுகிறவர்கள் எடுத்துப் போகலாம் என்றார். அவர் வாயை மூடுவதற்குள் கையைத் தூக்கிவிட்டேன். பதினாறு வருடமாக அந்தத் தொட்டிகளுக்கென்று துண்டு துவைத்து மடித்திருக்கிறேன். ஒருநாள்கூட உள்ளே கால் வைத்ததில்லை. வெந்நீரில் முழு நீளத்துக்குப் படுக்க வேண்டும், யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மார்ச் 4

அளந்துவிட்டேன். தொட்டி இரண்டு கைத்துண்டு நீளம். வீட்டுக் குளியலறையும் சரியாக இரண்டு கைத்துண்டு நீளம். சலவையறைக்காரிக்கு டேப் எதற்கு? எனக்கென்றே செய்த மாதிரி!

மார்ச் 7, வெள்ளி

வந்தது. மூன்று மாடி, ஆறு ஆட்கள், அக்கம்பக்கம் முழுக்க வேடிக்கை. குளியலறைக்குள் பாதி போய் நின்றுவிட்டது. இப்படிச் சாய்த்தோம், அப்படிச் சாய்த்தோம். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பார்த்த மாத்திரத்தில், "இந்த வண்டி இந்த வளைவுல திரும்பாது" என்றார். நான் கேட்டேனா? துண்டை எடுத்து வந்து குளியலறையை மறுபடியும் அளந்து காட்டினேன். மகள் டேப்பைக் கொண்டு வந்தாள். தொட்டி ஏறக்குறைய ஒரு சாண் அதிகம்.

எப்படி? எப்படி வரும்?

மார்ச் 8

தெரிந்துவிட்டது. தொட்டியை அளந்தது ஹோட்டலின் புதுத் துண்டால். வீட்டை அளந்தது, அங்கே கழித்துப்போட்டதில் நான் கொண்டுவந்த பழைய துண்டால். நூறு தடவை கொதிநீரில் வெந்து சுருங்கிய துண்டு. புதிதாய் வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் துண்டு சுருங்கும் என்று பாடம் எடுக்கிறவள் நான்! இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தொட்டி இப்போது ஹாலில், சோபா இருந்த இடத்தில். சோபா பால்கனியில். எங்களோடு இருக்கும் நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒலிபெருக்கி. அவள் தன் தோழிகளில் ஒருத்தியையும் விடாமல் போன் போட்டு, "எங்க அண்ணி ஹால்ல கப்பல் விட்டிருக்காங்கடி" என்கிறாள்.

என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு பழைய சாமான்காரர் வருவார், எடைக்குப் போட்டுவிடலாமாம்.

மார்ச் 11

தண்ணீர் இல்லாவிட்டால் என்ன? வேலை முடிந்து வந்ததும் தலையணையைப் போட்டு ஏறிப் படுத்தேன். மேலே ஒரு போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அம்மா எங்கே, அண்ணி எங்கே, "எங்க போனா இவ?" என்று வீடு முழுக்கத் தேடுகிறார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். முழுசாகப் பதினொரு நிமிஷம்!

மார்ச் 12

இன்று நான் வந்தபோது தொட்டியில் ஆள் இருந்தது. பஸ் டிரைவர், யூனிபார்மோடு. எழுப்பினால், "இதுக்குள்ள ஒருத்தரும் பெல்லடிக்கல" என்கிறார், சின்னப் பிள்ளை மாதிரி.

மார்ச் 13

வரிசை ஆரம்பமாகிவிட்டது. மகள் அதற்குள் உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒலிபெருக்கி போனை அணைத்துவிட்டு அரைமணி நேரம் கிடந்தாள். உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மகள் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: தொட்டிக்குள் இருப்பவரைக் கூப்பிடக் கூடாது.

எனக்கு முறையே வரவில்லை.

மார்ச் 14

ஒன்றுமில்லாத அறைக்கு முதல் விருந்தினர். பெரிய தொழிலதிபராம். காலையிலிருந்து மணியடித்து மணியடித்துத் துண்டு கேட்கிறார். நாலாவது தடவை நானே கொண்டுபோனேன். முன்பு கொடுத்த மூன்றும் மடிப்புக் கலையாமல் கட்டிலில் இருக்கின்றன.

"ஏதாவது குறையா சார்?"

"இல்லம்மா, சும்மாதான். நீங்க சாப்பிட்டீங்களா?"

இரட்டை வாடகை கொடுத்துவிட்டு என்னைப் போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்! லிப்ட் கீழே வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

பழைய சாமான்காரர் வந்தார். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் என் வீட்டுக்காரர் குரல்: "அண்ணே, வேணும்னா அந்த சோபாவ எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் தங்கை பக்கத்தில் இருக்கும்போது கட்டிப்பிடிக்கவா முடியும்? கேட்காமலே இரண்டாவது காபி போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 18

சந்தோஷம்தான். ஆனாலும் நான் ஆசைப்பட்டது வெந்நீருக்கு இல்லையா? சாப்பிடும்போது வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "எல்லாரும் ஏறிப் படுக்கிறீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தண்ணியில படுக்கணும்னுதானே அத நான் கொண்டு வந்தேன்?" அழுதும்விட்டேன். நாற்பத்தெட்டு வயதில் தொட்டிக்காக அழுகை! மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மார்ச் 22, சனி

மத்தியானம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் ஹாலெல்லாம் ஆவி. தொட்டி நிறைய வெந்நீர்! வீட்டில் இருக்கும் அத்தனை பாத்திரத்திலும் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். தொட்டியின் அடியிலிருந்து குளியலறைவரை ஒரு ரப்பர் குழாய் போகிறது, டிரைவரின் கைவேலை. "கூப்பிட மாட்டோம், சத்தியம்" என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நைட்டியோடேதான் இறங்கினேன், ஹால் அல்லவா. கழுத்துவரை வெந்நீர். நான் குட்டையாகப் பிறந்ததற்கு இன்றைக்குத்தான் பலன். காலை நீட்டியும் இடம் மிச்சம் இருந்தது. தனியாகச் சிரித்தேன். பாடக்கூடச் செய்தேன்.

யாரும் கூப்பிடவில்லை. படிக்கட்டில் ஒலிபெருக்கி குசுகுசுவென்று ஏதோ சொல்ல, அப்பாவும் மகளும் சிரிப்பை அடக்குவது கேட்டது. என்ன சொல்லியிருப்பாள்? கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

மகள் வைத்துவிட்டுப் போன துண்டு கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது, மடிப்புக் கலையாமல்.

"வெளியில யாரு?" என்று கத்தினேன். "ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க!"