தங்கள் மேசையிலுள்ள அழைப்பு மணி குறித்து

அனுப்புநர்:
தையல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்,
(செயலாளர், தன்னார்வ மின்னல் கண்காணிப்புக் குழு),
படகுத்துறைக்கு எதிர்க்கடை, மாடி,
வடகரை.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
நீர்த்தேக்கப் பராமரிப்புக் கோட்டம்,
தென்கரை.

பொருள்: தங்கள் அலுவலகத்தில் உள்ள மின்னல் கண்டறியும் கருவியை அகற்றும் ஆணையை ரத்து செய்யவும், தங்கள் மேசையிலுள்ள மின்மணியை மாற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 8.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒரு மனுவுக்கு இருக்க வேண்டிய சோகம் இதில் சற்றுக் குறைவாக இருக்கும். கடந்த வியாழக்கிழமை முதல் நாங்கள் பதினொரு பேரும் தரையில் கால் பாவாமல் திரிகிறோம். அடக்கி எழுதவே முயல்கிறேன்.

1. எங்கள் குழுவில் பல் மருத்துவர் உண்டு, இயற்பியல் ஆசிரியை உண்டு, ஓய்வுபெற்ற தொலைபேசி லைன்மேன் உண்டு. கடைசியாகச் சொன்னவரை நாங்கள் ஆன்டெனா என்று அழைப்போம். மின்னல் வெட்டும்போது பழைய ரேடியோவில் 'கர்ர்' என்று ஓர் ஓசை வருமே, அதைத்தான் எங்கள் கருவிகளும் கேட்கின்றன. வெவ்வேறு இடங்களில் உள்ள கருவிகள் அதைக் கேட்ட நேரத்தை ஒப்பிட்டால், மின்னல் எங்கே விழுந்தது என்பது புள்ளியாகத் திரையில் தெரியும். கருவி என்பது ஒரு முழக் குழாய்க்குள் சுற்றிய கம்பியும் ஒரு சிறு பெட்டியும் மட்டுமே. அதற்குக் காது உண்டு, வாய் கிடையாது. மின்னலைக் கூப்பிட அதனால் முடியாது.

2. எங்கள் பத்துக் கருவிகளும் வடகரையில் உள்ளன. அதனால் தென்கரையும் அதன் பின்னுள்ள மலையும் எங்கள் வரைபடத்தில் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல வெறுமையாக இருந்தன. ஆனால் நீர்த்தேக்கத்துக்கு மழை வருவதே அந்த மலையிலிருந்துதான். என் தங்கை மூன்றாம் எண் பயணிகள் படகை ஓட்டுகிறாள். தினமும் நான்கு முறை அக்கரைக்குப் போய்த் திரும்புகிறாள். நடு நீரில் படகைவிட உயரமான பொருள், தங்கள் அலுவலகம் நட்ட ஆழம் காட்டும் கம்பம் ஒன்றே. அக்கரையில் மின்சாரமும் இணையமும் விடாமல் இருக்கும் கட்டடமும் தங்கள் அலுவலகம் ஒன்றே. தாங்கள் பெரிய மனது வைத்து அனுமதித்ததால், சென்ற மாதம் 22ஆம் தேதி தங்கள் அறைக்கு மேலுள்ள பண்டக அறையில் பதினோராவது கருவியைப் பொருத்தினோம்.

3. இனி வருவது எங்கள் தவறு. முழுவதும் என் தவறு என்றே எழுதிக்கொள்ளலாம். கருவி முதல் வாரத்திலேயே ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு ஓசைகளைப் பதிவு செய்தது. மற்றக் கருவிகளும் அவற்றைக் கேட்டனவா என்று ஒப்பிட்ட பிறகே எண்ண வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த விதியை எழுதியவளே நான்தான். தலைகால் புரியாத சந்தோஷத்தில் அதை மறந்து, 1ஆம் தேதி தங்கள் அறிவிப்புப் பலகையில், 'இக்கட்டடத்தில் ஒரே வாரத்தில் 1,146 மின்னல்கள், அனைவருக்கும் நன்றி' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். படித்த ஊழியர்கள் எனக்கு நன்றி சொல்லவில்லை. கணக்குப் பிரிவு முழுவதும் நாற்காலிகளை வராந்தாவுக்கு மாற்றியதாக அறிகிறேன்.

4. அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்க்கா, உன் மின்னலுக்கு சனி, ஞாயிறு லீவா? மதியம் ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் சாப்பாட்டுக்கு வேற போகுதே." 5ஆம் தேதி ஆன்டெனாவும் நானும் ஒரு ரேடியோவுடன் தங்கள் அறை வாசலில் அமர்ந்தோம். ரேடியோ 'கர்ர்' என்றது. பெஞ்சில் இருந்த அலுவலக உதவியாளர் எழுந்து உள்ளே போனார். மறுபடி 'கர்ர்' என்றது. மறுபடி போனார். மூன்றாம் முறை அவரே எங்களிடம், "அது மின்னல் இல்லீங்க, ஐயா என்னைக் கூப்பிடுறாரு" என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

5. தங்கள் மணியின் உள்ளே தேய்ந்துபோன தகடு ஒன்று, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் தீப்பொறி விடுகிறது. அந்தப் பொறியின் ஓசையைத்தான் கருவி மின்னல் என்று எண்ணியிருக்கிறது. இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. ஓசை மிகுந்தால் கருவி தன் காதைப் பொத்திக்கொண்டு சில நிமிடம் எதையும் கேட்காது. அதாவது தாங்கள் மணி அடிக்கும் போதெல்லாம் தென்கரை மீண்டும் வெறுமையாகிவிடும். சுவரொட்டியை அன்றே கிழித்தேன். ஆனால் செய்தி அதற்குள் கட்டடத்தைச் சுற்றி வந்துவிட்டது.

6. வியாழக்கிழமை, 7ஆம் தேதி, தாங்கள் மதகு ஆய்வுக்காக வெளியே சென்றிருந்தீர்கள். மணி ஓய்வில் இருந்தது. பிற்பகல் 3.52க்கு, நீர்த்தேக்கத்தின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, மலையின் பின்பக்கம் ஒரு புள்ளி விழுந்தது. அதை ஆறு கருவிகள் ஒன்றாகக் கேட்டிருந்தன. இம்முறை ஒப்பிட்டுப் பார்த்தேன், மூன்று தடவை. அது எங்கள் வரைபடத்தின் வெறுமையில் விழுந்த முதல் புள்ளி. பல் மருத்துவர் ஒரு நோயாளியை வாய் திறந்தபடி விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார். என் தங்கையின் கைப்பேசியிலும் எச்சரிக்கை ஒலித்தது. பதினான்கு பயணிகளும், நான் பழுதுபார்த்துக் கொடுத்த ஒரு தையல் இயந்திரமும் படகில். வெயிலைக் காட்டித் திட்டிய பயணிகளைச் சட்டை செய்யாமல் அவள் படகைத் திருப்பினாள். 4.09க்குக் கரை சேர்ந்தாள். 4.15க்கு அந்த ஆழம் காட்டும் கம்பத்தின் மேல் மின்னல் விழுந்து அது பாதிக்கு மேல் கருகியது. அக்கம்பம் தங்கள் அலுவலகச் சொத்து என்பதால் வருத்தம் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். ஆனால் எவ்வளவு முயன்றும் எனக்கு வருத்தம் வரவில்லை. 4.15க்குப் படகு வழக்கமாக அந்தக் கம்பத்தை ஒட்டித்தான் போகும்.

7. மறுநாள் 8ஆம் தேதி, கருவி மின்னலை ஈர்க்கிறது என்ற அச்சத்தால் அதை 15ஆம் தேதிக்குள் அகற்றுமாறு தங்கள் கடிதம் வந்தது. அச்சத்தைக் கிளப்பியது என் சுவரொட்டியே தவிரக் கருவி அல்ல. தண்டனை தருவதானால் எனக்குத் தரலாம். அலுவலகத்தார் வீட்டிலுள்ள எந்தத் தையல் இயந்திரத்தையும் ஆயுளுக்கும் இலவசமாகப் பார்த்துத் தருகிறேன்.

ஆகவே, ஆணையை ரத்து செய்து கருவியை அங்கேயே இருக்க அனுமதிக்குமாறும், மலையடிவாரத்து இரண்டு நீரேற்று நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி வைக்க இடம் தருமாறும் வேண்டுகிறேன். மழைக்காலம் தொடங்க இருபது நாள்கூட இல்லை. தாங்கள் தினமும் வெளியே ஆய்வுக்குச் செல்ல வேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமையில்லை. மணியை மட்டும் மாற்றினால் போதும். புதிய மணிக்குக் கோப்பு நகர்ந்து ஒப்புதல் வரும்வரை பயன்படுத்த, கையால் ஆட்டும் பித்தளை மணி ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். அதன் ஒலி வாசல் பெஞ்சுவரை கேட்கிறது. உதவியாளரே சோதித்துச் சம்மதம் சொன்னார். எங்கள் கருவிக்கு அது கேட்கவே இல்லை.

இணைப்பு:
அ. தங்கள் கடிதத்தின் நகல்.
ஆ. 7ஆம் தேதி 3.52க்கு எடுத்த தென்கரை வரைபடம், ஒரே ஒரு புள்ளியுடன்.
இ. கைமணி – 1.

இடம்: வடகரை
நாள்: 12, செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
செயலாளர்

மேற்கண்டவை உண்மை எனச் சான்றளிக்கிறேன். கரையில் உட்கார்ந்து கையெழுத்திடுகிறேன்.
(ஒப்பம்)
ஓட்டுநர், படகு எண் 3