பதில் எழுதாத ஒன்பது பேர்

மார்ச் 3, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். மூன்று வாக்கியம் பேசுவதற்குள் ஐந்து தடவை மூச்சு வாங்கினாள். "மாடி ஏறினியா?" என்றேன். "உக்காந்துதான்டி இருக்கேன்" என்றாள்.

குரல்நாணுக்குக் கீழே அவளுக்கு மூச்சுக்குழாய் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் நான்கு முறை உள்ளே பலூன் விட்டு விரித்துவிட்டார்கள். முதல் முறை பத்து மாதம் தாங்கியது. கடைசி முறை பத்தே வாரம். இன்று அறுவை மருத்துவர் சொன்னாராம்: இப்படியே விரித்துக்கொண்டு ஓட்டலாம், இல்லையென்றால் சுருங்கின துண்டை வெட்டி எடுத்துவிட்டு மேல்முனையையும் கீழ்முனையையும் சேர்த்துத் தைக்கலாம். தைத்தால் மூச்சு சரியாகும். குரல்? "மாறலாம், மாறாமலும் போகலாம்." நல்லா இருக்கே பதில்!

வேறு யாராவது என்றால் பரவாயில்லை. அக்கா மீன் சந்தையில் ஏலம் விடுகிறவள். இருபத்தாறு வருஷமாக. நூறு பேர் கத்துகிற இடத்தில் மைக் இல்லாமல் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். அந்தத் தொண்டையில்தான் கத்தி வைக்க வேண்டுமாம்.

"நீதானே ஆஸ்பத்திரியில உக்காந்து இதையெல்லாம் படிக்கிற. படிச்சுச் சொல்லு. நீ சொல்றதைச் செய்யறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆமாம், அதுதான் என் வேலை. ஒரு சிகிச்சையால் என்ன பலன், என்ன கெடுதல் என்று மருத்துவர்கள் கேட்பார்கள். வந்திருக்கிற ஆய்வறிக்கைகளை எல்லாம் தேடிப் படித்து ஒரே பக்கத்தில் சுருக்கித் தர வேண்டும். பதினோரு வருஷமாகச் செய்கிறேன். பயந்துகொண்டே படிக்கப்போவது இதுதான் முதல் தடவை.

மார்ச் 5, வியாழன்

மூன்று அறிக்கை. மூன்றே மூன்று! இந்த அறுவையைப் பற்றி, குரலையும் சேர்த்துப் பார்த்தது அவ்வளவுதான். ஒன்றில் ஒன்பது நோயாளிகள், ஒன்றில் பதினான்கு, ஒன்றில் இருபத்திரண்டு. வேறு வேலையென்றால் "போதிய சான்று இல்லை" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அக்காவிடம் போய்ப் போதிய சான்று இல்லை என்றா சொல்வது?

மார்ச் 8, ஞாயிறு

சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்து முடித்துவிட்டேன். மொத்தம் நாற்பத்தைந்து பேர். குரல் மாறியது நான்கு பேருக்கு. நூற்றுக்கு ஒன்பது.

அக்காவிடம் சொன்னேன். "இவ்வளவுதானா? இதுக்கா அந்த டாக்டர் மூஞ்சியைத் தொங்கப் போட்டாரு?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, போனை அத்தான் வாங்கிக்கொண்டார். "அப்போ செஞ்சிரலாம்ல?" என்றார். செஞ்சிரலாம் அத்தான் என்றேன். எவ்வளவு ஈஸியாக வந்தது அந்த வார்த்தை.

மார்ச் 10, செவ்வாய்

அறுவைக்கு ஏப்ரல் 2-ஆம் தேதி கிடைத்துவிட்டது.

மார்ச் 11, புதன்

எங்கள் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. எந்த அறிக்கையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும், பிறகு ஒப்பிட வேண்டும். ஒற்றை ஆள் படித்தது கணக்கில் வராது. புதுசாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். என் அக்காவுக்கு மட்டும் நான் ஒருத்தி போதும் என்று நினைத்துக்கொண்டேனாக்கும்.

இன்று மனசு கேட்காமல் தசமத்திடம் கொடுத்தேன். எங்கள் பிரிவுத் தலைவர். புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம் என்று உயிரை எடுப்பதால் அந்தப் பெயர். டீ ஆறுவதற்குள் படித்துவிட்டார்.

"ஏம்மா, இந்தப் பதினாலும் இந்த இருபத்திரண்டும் ஒரே ஆஸ்பத்திரிதானே? மருத்துவரும் ஒருத்தர்தான். வருஷத்தைப் பாத்தியா? அந்தப் பதினாலு பேரும் இந்த இருபத்திரண்டுக்குள்ளேயே இருக்காங்க."

முதலில் பதினான்கு பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பிறகு இன்னும் எட்டுப் பேருக்கு அறுவை செய்து, எல்லோரையும் சேர்த்து மறுபடி எழுதியிருக்கிறார்கள். நான் அவர்களை இரண்டு முறை எண்ணிவிட்டேன். பாடத்தில் முதல் வாரம் சொல்லித்தருகிற தப்பு!

அதோடு போயிற்றா? "அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தைப் படி" என்றார். படித்தேன். குரல் எப்படி இருக்கிறது என்று அந்த இருபத்திரண்டு பேருக்கும் கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். பதிமூன்று பேர்தான் பதில் போட்டார்கள். மீதி ஒன்பது பேர்? 'பதில் வராதவர்கள் மாற்றம் இல்லாதவர்களாகக் கொள்ளப்பட்டனர்.'

கொள்ளப்பட்டனராம்! யாரைக் கேட்டுக் கொண்டீர்கள்?

ஆக மொத்தம் முப்பத்தொரு பேர். மாறியது என்று தெரிந்தது, நான் இரண்டு முறை எண்ணிய ஒருத்தரைக் கழித்தால், மூன்று பேருக்கு. தெரியவே தெரியாதது ஒன்பது பேருக்கு. அந்த ஒன்பது பேருக்கும் குரல் மாறியிருந்தால் பன்னிரண்டு. பத்தில் ஒருத்தரா, பத்தில் நாலு பேரா? இதில் அக்கா எந்த இடத்தில் நிற்கிறாள்?

கடிதத்தில் கேட்ட கேள்வியையும் பார்த்தேன். 'தொலைபேசியில் பேசினால் மற்றவருக்குப் புரிகிறதா?' சந்தையில் நின்று கத்த முடிகிறதா என்று ஒரு பாவியும் கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

சொல்லவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

விடிந்ததும் சந்தைக்குப் போனேன், சொல்லிவிடலாம் என்றுதான். அக்கா முட்டிவரைக்கும் ரப்பர் பூட்ஸோடு ஈரத்தரையில் நின்றாள். ஒரு விலை சொல்லி, நின்று, மூச்சை இழுத்து, அடுத்த விலை. இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். வாங்க வந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அக்காவுக்கு யாரும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. சின்னக் கூடைகளை அத்தானே கூவிப் பார்த்தார், அவருக்கு விலையே வாயில் வரவில்லை.

"ஏப்ரல் ரெண்டு ஆகட்டும், அப்புறம் பாரு" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் தங்கச்சி படிச்சுப் பாத்துட்டா. நூத்துக்கு ஒம்பதுதான்."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

சொன்னால் வேண்டாம் என்பாள். அடுத்த பலூன் ஐந்து வாரம் தாங்குமா? அதற்கடுத்தது? சளி கட்டினால் அடைத்துவிடும் என்றார் மருத்துவர். சொல்லாவிட்டால் என் பேச்சைக் கேட்டுக் குரலை இழப்பாள். எந்தப் பக்கம் தள்ளினாலும் தள்ளுவது நான்தான். இதைச் சொல்லாமல் இருப்பது அவளுக்காகவா, என் மானத்துக்காகவா? நிஜமாகவே தெரியவில்லை. இல்லை, தெரிகிறது.

மார்ச் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன். நேரில் போய், மூன்று அறிக்கையையும் விரித்துவைத்து.

அக்கா கடைசிவரை கேட்டாள். பிறகு, "எப்போ தெரியும்?" என்றாள்.

"போன புதன்கிழமை."

"ஆறு நாளா?"

"பயமா இருந்துச்சுக்கா."

"மேல நல்ல மீனை அடுக்கி, அடியில அழுகினதை வெச்சு விக்கிறவங்களை இருபத்தாறு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன். என் வீட்டுக்கே வந்து எனக்கே அடுக்கிக் காட்டறியா நீ?"

கத்த முயன்றாள். மூச்சு வரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வாசலைக் காட்டினாள், போ என்று. பிடிக்கப் போன என் கையையும் தட்டிவிட்டாள். வந்துவிட்டேன்.

மார்ச் 18, புதன்

போன் எடுக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

எடுக்கவில்லை. தசமம் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் மேஜையிலிருந்த இரண்டு கோப்புகளைத் தன் மேஜைக்கு எடுத்துக்கொண்டார்.

மார்ச் 21, சனி

அக்காவே கூப்பிட்டாள். நலமா கிலமா ஒன்றும் இல்லை.

"அந்த ஒம்பது பேருக்கும் மூச்சு எப்படி இருந்துச்சு? அதையும் லெட்டர் போட்டுதான் கேட்டாங்களா?"

இதை நான் யோசிக்கவே இல்லை! ஓடிப்போய்த் தாளை எடுத்தேன். "இல்லக்கா. மூச்சுக்கு எல்லாரையும் வரவெச்சுக் குழாய் விட்டுப் பாத்திருக்காங்க. முப்பத்தொரு பேரையும். ரெண்டு பேருக்குத்தான் மறுபடி சுருங்கிச்சு."

"அப்போ அது அடிவரைக்கும் நல்ல கூடை."

"ஆமா."

"குரல் மட்டும் அடியில என்னன்னு தெரியாது."

"தெரியாது."

"நீயா இருந்தா என்ன செய்வே?"

நூறு மருத்துவர்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். "எனக்குத் தெரியலக்கா" என்றேன்.

"இந்த வார்த்தையை முதல் நாளே சொல்லியிருந்தா நாலு நாள் உன்மேல கோவமா இருந்திருக்க மாட்டேன்ல, லூசு" என்றாள். விசிலோடு மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு, "தேதியை மாத்த வேணாம். இது நீ சொல்லிச் செய்யறது இல்ல. நான் பாத்து எடுத்தது. புரியுதா?"

புரிகிறது.

ஏப்ரல் 2, வியாழன்

ஐந்து மணி நேரம். அத்தான் வராந்தாவில் நடந்த நடைக்கு அடுத்த ஊருக்கே போயிருக்கலாம்.

ஏப்ரல் 13, திங்கள்

இன்று பேச விட்டார்கள். அக்கா வாயைத் திறந்தாள். யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. தடித்து, தாழ்ந்து, ஓரத்தில் பிசிறு. "வீக்கம் இறங்கட்டும்" என்கிறார் மருத்துவர். அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஜூன் 26, வெள்ளி

வீக்கம் இறங்கிவிட்டது. குரல் அப்படியேதான்.

அக்டோபர் 12, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்கு ஒரு படிவம். வந்து மூன்று வாரமாகிறதாம். அரிசி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு குரல் எப்படி, ஆம் அல்லது இல்லை என்று குறி போட வேண்டும்.

"ஏன்க்கா அனுப்பல?"

"என்னன்னு போடறது? போன்ல பேசினா புரியுது. ஆமான்னு போட்டா நல்லா இருக்கேன்னு எண்ணிக்குவாங்க. இல்லைன்னு போட்டா செத்துப்போன மாதிரி இருக்கு. போன வாரம் ரெண்டு மாடி மூட்டையோட ஏறினேன். நேத்து சந்தையில அத்தான் கூவினாரு, நான் பக்கத்துல நின்னு காதுல விலை சொன்னேன். இதுக்கு ஆமாவா, இல்லையா?"

பேனாவை மட்டும் எடுத்து வைத்தேன். தொடட்டும், தொடாமல் போகட்டும், இதில் நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

இரண்டு டம்ளர் டீ ஆயிற்று. பிறகு பேனாவை எடுத்து, இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, குறுக்கே பெரிய எழுத்தில் எழுதினாள்:

'மூச்சு வந்துச்சு. ஏலம் போச்சு. ரெண்டையும் எழுதிக்குங்க.'

நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன். போட்டுவிட்டு அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று அழுதேன்.